சைவ்ஸ் விதை போடுவதற்கு முன்

சைவ்ஸ் விதை வாங்கிப் போட்டு, இரண்டு வாரம் தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஒன்றுமே தலைகாட்டாததால் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு "நமக்குக் கைராசி இல்லை" என்று ஒதுங்கியவர்கள் மாடித் தோட்டக்காரர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்குத்தான். கைராசியை விடுங்கள். வெங்காயக் குடும்பத்து விதைகளுக்கு ஆயுள் குறைவு, சூடு ஏறினால் அவை முளைக்கத் தயங்கும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் சைவ்ஸ் சுலபமான செடி. ஒரு தடவை தூர் கட்டிவிட்டால், இடம் பிடித்துப்போனால், வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம்.

முதலில் செடி எது என்று பார்த்துவிடுவோம். சமையலுக்கு வளர்க்கும் வெங்காய இனங்களில் உருவத்தில் மிகச் சின்னது இது. இலை உருண்டையாக, உள்ளே குழலாக, 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். உயரம் பெரும்பாலும் 20 முதல் 30 சென்டிமீட்டர். அடியில் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன வீக்கம் மட்டும்தான், அதை யாரும் உரித்துச் சாப்பிடுவதில்லை. கடையில் கட்டாக விற்கும் வெங்காயத்தாள் வேறு. அது வெங்காயச் செடியையே இளசாகப் பிடுங்கி விற்பது, பிடுங்கினால் அத்தோடு முடிந்தது. சைவ்ஸை நாம் பிடுங்குவதே இல்லை, கீரைபோல அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் காட்டுச் செடியாகவே கிடைக்கிற ஒன்று, அதாவது குளிர்நாட்டுப் பிறவி. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஊருக்கே உரிய பச்சைச் சாஸில் சேரும் ஏழு கீரைகளில் இதுவும் ஒன்று. பிரெஞ்சு ஆம்லெட்டின் மேல் பொடியாகத் தூவியிருக்கும் பச்சையும் அநேகமாக இதுதான். குளிர்நாட்டுச் செடி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற பாதி விஷயம் அதிலிருந்துதான் வருகிறது.

இதற்கு ஒரு உறவு உண்டு, பூண்டு சைவ்ஸ். இலை குழலாக இருக்காது, தட்டையாகப் புல் மாதிரி இருக்கும், கையில் கசக்கினால் பூண்டு வாசம், பூ வெள்ளை. சைவ்ஸின் பூ இளம் ஊதா. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்குப் பூண்டு சைவ்ஸைக் குச்சாய் என்றால் உடனே தெரியும், சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸில் கிடக்கும் அந்தப் பச்சைத் துண்டுகள் இவைதான். இங்கே இதை ஏன் இழுக்கிறேன் என்றால், விதைப் பாக்கெட்டில் 'சைவ்ஸ்' என்று மட்டும் போட்டு உள்ளே பூண்டு சைவ்ஸ் விதை இருப்பது நடக்கிறது. வாங்கும்போது தாவரப் பெயரைப் பாருங்கள். அல்லியம் ஸ்கீனோபிரசம் என்றால் குழல் இலை, அல்லியம் டியூபரோசம் என்றால் தட்டை இலை. இரண்டுமே நல்ல செடிகள்தான், ஆனால் எது நம் ஊருக்குச் சரிப்படும் என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் குழல் இலைச் சைவ்ஸைத் தயங்காமல் போடலாம். ஓசூர், பெங்களூரிலும் கொஞ்சம் கவனித்துக்கொண்டால் போதும். சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் இது பனிக்காலத்துப் பயிர்: அடைமழை ஓய்ந்து கார்த்திகை, மார்கழியில் விதைத்தால் மாசி, பங்குனி வரை நன்றாக வரும், சித்திரை வெயிலில் சோர்ந்துபோகும். நிழல் கொடுத்துக் காப்பாற்ற முடியும், அதை அப்புறம் சொல்கிறேன். சமவெளியில் வருடம் முழுக்க அறுக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு என் யோசனை பூண்டு சைவ்ஸ்தான், அது வெயிலை நன்றாகத் தாங்கும். விதைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

இப்போது விதைக்கு வருவோம். தக்காளி விதையை ஒரு டப்பாவில் போட்டு மறந்துவிட்டு நாலு வருடம் கழித்து எடுத்துப் போட்டாலும் ஓரளவு முளைக்கும். வெங்காய இனத்து விதைகள் அப்படி இல்லை. முதல் வருடம் நன்றாக முளைக்கும், இரண்டாம் வருடம் குறையும், அதற்கு மேல் நம்பி விதைக்க முடியாது. பார்ப்பதற்கு எந்த மாற்றமும் தெரியாது என்பதுதான் இதில் கஷ்டம். உயிருள்ள விதையும் செத்த விதையும் அதே கறுப்பு, அதே கோணல்மாணலான சின்னத் துணுக்கு. அதனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன் சதவீதம் மூன்றும் அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். தேதியே இல்லாமல் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தருவதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த விதை எத்தனை கோடையைக் கடையின் அலமாரியில் கழித்தது என்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

கோடை என்று சொல்லக் காரணம் உண்டு. விதை என்பது தூங்குகிற ஒரு செடி, தூக்கத்திலும் மூச்சு விட்டுக்கொண்டு, கையிருப்பைக் கரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சூடும் ஈரமும் கூடக் கூட அது சீக்கிரம் கரையும். கலிபோர்னியாவில் விதைகளை ஆராய்ந்த ஹாரிங்டன் இதற்கு இரண்டு கைக்கணக்குகள் சொன்னார், விதை விஞ்ஞானம் படிப்பவர்கள் இன்றும் அவற்றைத்தான் முதலில் படிக்கிறார்கள். விதைக்குள் இருக்கும் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும். கூடவே இன்னொரு எளிய அளவுகோலும் உண்டு: ஃபாரன்ஹீட்டில் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது. சென்னையில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 32 டிகிரி செல்சியஸ் என்பது ஏறத்தாழ 90 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 70 சதவீதம், கூட்டினால் 160. கடலோர ஊரில் சமையலறை அலமாரியில் வைத்த சைவ்ஸ் விதை ஒரே கோடையில் ஏன் செத்துப்போகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அதே விதையைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில், நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து போட்டு, ஃபிரிட்ஜில் வைத்தால் வெப்பம் 40 ஃபாரன்ஹீட் அளவுக்கு இறங்கிவிடும், பாட்டிலுக்குள் ஈரமும் குறைந்துவிடும், 100-க்குள் வந்துவிடலாம். விதைக்க எடுக்கும்போது பாட்டிலை உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வேர்த்து, மிச்ச விதையும் நனையும்.

வீட்டில் ஏற்கெனவே பழைய பாக்கெட் ஒன்று இருக்கிறது, என்ன செய்வது? சோதித்துவிடுங்கள். டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிழிந்து, அதில் 20 விதைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, மடித்து, ஒரு சின்ன டப்பாவில் மூடி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டு, தினமும் ஈரம் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 14 நாளில் பாதிக்கு மேல் வேர் விட்டால் நல்ல விதை. ஐந்தாறுதான் வந்தது என்றால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அடர்த்தியாகப் போடுங்கள். ஒன்று இரண்டு என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் சரி. மூன்று வாரத்தைத் தொட்டியில் தொலைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வெப்பம் பற்றி. சைவ்ஸ் விதைக்குப் பிடித்தது 15 முதல் 21 டிகிரி. அந்த வெப்பத்தில் 10 முதல் 14 நாளில் முளை தெரியும், இன்னும் குளிரான மலை ஊர்களில் மூன்று வாரம்கூட ஆகலாம். 30 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பு தாறுமாறாகிவிடும், சில விதை வரும், பல வராது. ஆகவே சமவெளியில் விதைத்த தட்டை மொட்டை மாடி வெயிலில் வைக்க வேண்டாம். முளை வெளியே வரும் வரை அதற்கு வெளிச்சமே தேவையில்லை. வீட்டுக்குள் தரையில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத ஒரு மூலையில் வைத்தாலே மாடியைவிட நல்ல குளிர்ச்சி. முளை தெரிந்த அன்றே ஜன்னலோரத்துக்கோ காலை இளவெயில் விழும் இடத்துக்கோ மாற்றிவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக ஓடி ஒடிந்து விழும்.

விதைக்கும் கலவைக்கு இரண்டு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் போதும். நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள், ஏனென்றால் அதில் உப்பு இருக்கும், வெங்காய இனத்துக்கு உப்பு ஆகாது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் நாற்றுப் பருவத்துக்காவது மழைத்தண்ணீரையோ குடிநீரையோ ஊற்றுங்கள். இலை நுனி காய்ந்து பழுப்பாவதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடுகிறோம், பல வீடுகளில் அதற்குக் காரணம் தண்ணீர்தான்.

குழித்தட்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பா போதும். இங்கேதான் சைவ்ஸ் மற்ற செடிகளிலிருந்து மாறுகிறது: ஒரு குழிக்கு ஒரு விதை என்று போடாதீர்கள். ஒரு விதையிலிருந்து வருவது மெல்லிய ஒற்றைத் தாள், அது தனியாக நின்று தூர் கட்ட வெகுநாள் ஆகும். ஒரு குழிக்கு 8 முதல் 12 விதை வரை ஒரு சிட்டிகையாகப் போடுங்கள், அத்தனையும் கூட்டமாகவே வளரட்டும், கலைக்க வேண்டாம். ஒரு கிராமில் 800-க்கு மேல் விதை இருக்கும் என்பதால் சின்னப் பாக்கெட்டே தாராளம். அரை சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். மேலே கலவையைத் தூவி விரலால் லேசாக அழுத்தி, பூவாளியால் ஊற்றாமல் தட்டையே தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் விதை மிதந்து ஓரத்தில் போய் ஒதுங்கும். முந்தின ராத்திரி ஊறவைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், முளைப்பு கொஞ்சம் முந்தும், ஆனால் ஊறிய விதை கையில் ஒட்டிக்கொண்டு சிட்டிகை பிடிக்க வராது. நான் ஊறவைப்பதில்லை.

முளை வரும் விதம் தெரியாமல் அதைக் கெடுப்பவர்களும் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அவரை மாதிரி இரண்டு இலை விரிந்து வராது. முதலில் மண்ணில் ஒரு பச்சை வளைவு தெரியும், கொண்டை ஊசியின் வளைந்த பக்கம் மட்டும் வெளியே எட்டிப் பார்ப்பதுபோல. இரண்டு காலும் மண்ணுக்குள் இருக்கும். ஒரு காலின் அடியில் வேர். இன்னொரு காலின் நுனி இன்னும் விதைக்குள்ளேயே இருந்துகொண்டு அங்கே மிச்சம் இருக்கும் உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அது தீர்ந்ததும் நுனி மண்ணைவிட்டுக் கழன்று மேலே வந்து நிமிரும், பல நாற்றுகளில் உச்சியில் கறுப்பு விதைத்தோல் தொப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் எடுத்துவிடத்தான் கை போகும், எடுக்காதீர்கள். தானாக விழும், இழுத்தால் நாற்று வேரோடு வந்துவிடும், அல்லது நுனி அறுந்துவிடும். இது வித்திலை. அசல் இலை இன்னும் சில நாள் கழித்து, இந்த வித்திலையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன வெடிப்பு விட்டு அதன் வழியாக வெளியே வரும். இதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு உட்காருங்கள், பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அடுத்த ஒன்றரை மாதம்தான் பொறுமை வேண்டிய காலம். புல் முளைத்த மாதிரி இருக்கும், வளர்வதே தெரியாது. உரத்தைக் கொட்டி வேகப்படுத்தப் பார்க்க வேண்டாம். இந்தச் சமயத்தில் வரும் ஒரே பெரிய ஆபத்து நாற்றழுகல்: காலையில் நின்ற நாற்று மாலையில் மண்மட்டத்தில் சுருங்கிப் படுத்துக்கிடக்கும். காரணம் பூஞ்சை, ஈரம் தேங்குவதும் காற்றோட்டம் இல்லாததும்தான் அதற்கு இடம் கொடுக்கும். மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். விதைக்கும்போதே கலவையில், அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைக் கொஞ்சம் கலந்துவிடுவது நல்ல பழக்கம்.

நாற்று 8, 10 சென்டிமீட்டர் வந்ததும் கட்டியைக் குலைக்காமல் அப்படியே எடுத்துத் தொட்டியில் வைக்கலாம். 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு கட்டி, தரையில் என்றால் கட்டிக்குக் கட்டி 20 முதல் 25 சென்டிமீட்டர். செம்மண், மட்கிய தொழு உரம், நார்க்கழிவு சமபங்கு, கூடவே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. தண்ணீர் தேங்காத தொட்டியாக இருப்பதுதான் உரத்தைவிட முக்கியம். மலை ஊர்களில் நாள் முழுக்க வெயில் கொடுக்கலாம். சமவெளியில் காலை வெயில் நாலைந்து மணி நேரம் போதும், மதியத்துக்கு மேல் நிழல்.

அறுவடைக்கு அவசரப்படாதீர்கள். விதைத்து இரண்டரை, மூன்று மாதம் கழித்து, தாள்கள் 15 சென்டிமீட்டர் தாண்டி, கட்டி நிறைவாக நின்றால்தான் முதல் வெட்டு. மண்ணிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் விட்டு, கூரான கத்தரிக்கோலால். நுனியை மட்டும் கிள்ளினால் என்ன என்று தோன்றும். இந்தச் செடியில் இலை நுனியிலிருந்து வளர்வதில்லை, அடியிலிருந்து மேலே தள்ளப்பட்டு வருகிறது. சந்தேகம் இருந்தால் ஓர் இளம் இலையில் மண்ணுக்கு மேலே ஒரு பேனாப் புள்ளி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், புள்ளி மேலே ஏறியிருக்கும். அதனால் நுனியைக் கிள்ளினால் அந்த வெட்டுவாய் அப்படியே மொட்டையாக, பழுப்பாக மேலே நிற்கும். அடியோடு ஒட்ட அறுத்தாலும் தப்பு, வளரும் இடமும் சேமிப்பும் அங்கேதான் இருக்கிறது. முதல் வருடம் மூன்று, நாலு வெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தூர் பெருக்கட்டும். இரண்டாம் வருடத்திலிருந்து நல்ல பருவத்தில் மாதம் ஒரு தடவை தாராளமாக அறுக்கலாம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், அல்லது ஒரு கைப்பிடி மண்புழு உரம். பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி.

பூச்சி என்று பெரிதாக இல்லை. இலையில் வெள்ளி நிறக் கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன், தூரின் நடுவே கறுப்பாக மொய்த்தால் அசுவினி. பாதிக்கப்பட்ட தாள்களை அறுத்தெறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும். பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதால் தெளித்துச் சில நாள் விட்டு, கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சமையலில் ஒரே ஒரு விதி: அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும். இலையை நறுக்கும்போதுதான் அந்த மணம் உண்டாகிறது, அதைத் தரும் கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பறந்துவிடும். தாளிப்பில் போட்டால் பச்சைப் புல்லைப் போட்ட மாதிரிதான். தயிர்ப் பச்சடி, ஆம்லெட், வேகவைத்து வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, ஆறிக்கொண்டிருக்கும் சூப், இவற்றின் மேல் தூவிப் பாருங்கள். வெங்காயத்தின் காரம் இல்லாமல் வாசம் மட்டும் கிடைக்கும். மிஞ்சினால் காயவைக்க வேண்டாம், மணம் போய்விடும். நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெங்காயம், பூண்டு போலவே சைவ்ஸும் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மலை ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு பாக்கியம், பூ. குளிரில் நன்றாக அடிபட்ட பிறகுதான் இந்தச் செடி பூக்கும் என்பதால் சமவெளியில் பூவைப் பார்ப்பது அரிது. உறைபனியில் தாள் எல்லாம் கருகிப்போனாலும் பதற வேண்டாம், அடியில் உயிர் இருக்கும், குளிர் விட்டதும் திரும்பத் துளிர்க்கும். பிறகு வரும் ஊதாப் பூவுக்குத் தேனீ கூட்டமாக வரும். பூவையும் உதிர்த்துச் சாப்பிடலாம், வினிகரில் போட்டால் வினிகரே இளஞ்சிவப்பாகிவிடும். பூத்தண்டு மட்டும் நார், அதை அடியோடு வெட்டிவிடுங்கள். விதை வேண்டுமென்றால் நாலைந்து பூவை விட்டுவைத்து, காய்ந்து உள்ளே கறுப்பு தெரிந்ததும் காகிதப் பைக்குள் கவிழ்த்து வெட்டுங்கள். அந்த விதையை அடுத்த பருவத்திலேயே போட்டுவிட வேண்டும் என்று இனி சொல்லத் தேவையில்லை.

சமவெளியில் சித்திரை, வைகாசியைத் தாண்ட வேண்டுமானால் பங்குனிக் கடைசியிலேயே தாளைப் பாதி உயரத்துக்கு வெட்டி, தொட்டியைக் கிழக்குப் பார்த்த சுவரோரம் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே மாற்றி, மண்ணின் மேல் காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள். அந்த இரண்டு மாதமும் உரமும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். எல்லாத் தூரும் பிழைக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது, ஆனால் பிழைத்த தூரை அடுத்த கார்த்திகையில் தோண்டி, நாலைந்து தாள் கொண்ட துண்டுகளாகக் கையாலேயே பிரித்து நட்டால் விதையே வாங்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எப்படியும் இப்படிப் பிரித்துத்தான் ஆக வேண்டும். நடுத்தூர் நெருக்கத்தில் மெலிந்துவிடும், பிரித்து நட்ட துண்டு ஒரே மாதத்தில் தடித்த தாளாக எழும்பும், மிஞ்சிய துண்டுகளை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம்.